'கூட்டம் சேராது' என்போருக்கு

திருவிழா ஏற்பாடுகளைப் பேசக் கூடிய ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாங்கள் சிலர் ஒரு சிறிய வேண்டுகோளை முன்வைத்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்தப் பங்கின் பெயரை எழுதினாலும் செய்தி பொருந்தும். நவநாள் மாலைகளில் ஒன்றை எங்களுக்கு விட்டுத் தாருங்கள்; பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஓர் இசைக் கல்லூரியின் ஆசிரியர்கள் நால்வர் வர இசைந்திருக்கிறார்கள்; ஒருவர் வீணை, ஒருவர் வயலின், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மிருதங்கம்; மறைக்கல்வி நடக்கும் கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு மணி நேரம் வாசிப்பார்கள்; விரும்புவோர் பாயில் அமர்ந்து கேட்கலாம். வேண்டுகோள் இவ்வளவுதான்.

பதில் இரண்டே சொற்களில் வந்தது: "கூட்டம் சேராது."

சொன்னவர் தீயவர் அல்லர். கொடிமரம் நடுவதிலிருந்து தேர்வடம் சுருட்டி வைப்பதுவரை ஓடியாடி உழைக்கும் நல்ல நண்பர். எனினும் அச்சொற்களைக் கேட்டவுடன் அவையில் இருந்த அனைவரும் தலையசைத்தார்களே, அதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நாங்கள் கேட்ட மாலையில் மெல்லிசைக் குழு ஒன்று வந்தது. ஆளுயரப் பெட்டிகள் இருபுறமும் அடுக்கப்பட்டன. திரைப்பாடல் மெட்டுகளில் அன்னையின் புகழ் பாடப்பட்டது. கோயிலின் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. பின்தெருவில் படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளைகள் கட்டிலோடு தூக்கி வேறு வீட்டில் கிடத்தினார்கள். கூட்டம் சேர்ந்ததா என்றால், சேர்ந்தது. பெட்டிக்கு அருகில் நிற்க முடியாமல் எல்லோரும் மிட்டாய்க் கடைப் பக்கம் போய் நின்றார்கள்.

இருவர் மூவர் கூடுமிடத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதை மனப்பாடமாய்ச் சொல்லும் நமக்கு, கூட்டத்தின் மீது இத்தனை மயக்கம் எப்போது வந்தது?

நாங்கள் கேட்டது புதுமையானதோ மேலைநாட்டாரைப் பார்த்துச் செய்ததோ அன்று. மேலை இசையில் 'சேம்பர் மியூசிக்' என்பார்கள். அறையிசை என்று சொல்லலாம். பெரிய வாத்தியக் குழு இல்லை, முன்னின்று கோலசைப்பவர் இல்லை. இருவர் முதல் ஏழெட்டுப் பேர் வரை அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைத் தாமே வாசிப்பர். ஒருவர் மூச்செடுப்பது மற்றவர்க்குக் கேட்கும். கேட்போருக்கும் கேட்கும். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியர், கோயிலுக்குரியது, அறைக்குரியது என இசையை இரு கூறாக்கினார்கள். கொரெல்லி 1681-இல் கோயிலுக்குரிய சொனாட்டாக்களையும் 1685-இல் அறைக்குரிய சொனாட்டாக்களையும் வெளியிட்டார். நம் கர்நாடக இசைக் கச்சேரியும் பிறப்பால் அறையிசையே. அரண்மனைக் கூடத்திலும் மிராசுதார் வீட்டு முற்றத்திலும் சிலர் முன் பாடப்பட்டதே கச்சேரி. ஒலிவாங்கி அதன் நடுவே வந்து நின்றது கடந்த நூற்றாண்டில்தான். வீணையின் நாதம் பதினைந்து முழத்துக்கு அப்பால் செல்லாது என்றால் அது வீணையின் குறையன்று. அதைக் கேட்க வேண்டுமானால் நாம் அருகில் போக வேண்டும்.

இதைக் கோயில் வாழ்வோடு சேர்த்துப் பார்க்க ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் துறைமுகத்தை நினைத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர்க் குருவானவர் ஒருவர், வியன்னா நகர்ப் பக்கம் வாழ்ந்த கத்தோலிக்க இசையறிஞர் யோசெப் ஹைடனுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினார். தவக்காலத்தில் ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு திருவசனங்களை மக்கள் தியானிக்கின்றனர். ஒவ்வொரு வசனத்துக்கும் பின் அவர்கள் மௌனமாய் இருக்கும் நேரத்துக்கு இசை வேண்டும் என்றார். அங்கே நடந்த முறையை ஹைடனே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலின் சுவர்களையும் தூண்களையும் கறுப்புத் துணியால் மூடுவார்கள். நடுவில் ஒரே ஒரு பெருவிளக்கு. நண்பகலில் கதவுகள் சாத்தப்படும். ஆயர் மேடையேறி முதல் வசனத்தைச் சொல்லி விளக்கம் தந்து, இறங்கி வந்து பீடத்தின் முன் முழந்தாளிடுவார். அப்போது இசை தொடங்கும். இப்படி ஏழு முறை.

ஏழும் மெதுநடையில் அமைய வேண்டும். கேட்போர் களைத்துவிடவும் கூடாது. அது எளிதான வேலையன்று என்று ஹைடனே ஒப்புக்கொண்டார். முதலில் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதியதை 1787-இல் அவரே இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் குழுவுக்கு மாற்றி அமைத்தார். பெரிய குழுவுக்கு வழியில்லாத இடத்திலும் நால்வர் கூடினால் அந்தத் தியானம் கிட்டும். இன்றும் உலகெங்கும் பல்கலைக்கழக இசை ஆசிரியர்கள் தவக்காலத்தில் கோயில்களில் அமர்ந்து வாசிப்பது பெரும்பாலும் இந்த நால்வர் வடிவத்தைத்தான்.

நம் பங்குகளில் பெரிய வெள்ளியன்று ஏழு வசனத் தியானம் நடக்காமல் இல்லை. வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. மின்விசைப் பலகையில் ஒருவர் விரல் வைக்கிறார். அதற்குள்ளே பதிந்துவைத்த தாளம் தானாக ஓடுகிறது. கூம்புக் குழாய் அதை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது. மௌனத்துக்காக அமைந்த அந்த இடைவேளையிலேயே நம்மால் மௌனமாக இருக்க முடியவில்லை.

இதைவிட நெஞ்சை உறுத்தும் இழப்பு ஒன்று உண்டு. நமக்கென்றே ஓர் அறையிசை இருந்தது. இலங்கையில் மறைப்பணி ஆற்றிய கொங்கணி மண்ணின் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைச் சொல்கிறோம். பாடுகளின் நிகழ்ச்சிகளைப் பிரசங்கம் பிரசங்கமாக வகுத்து எழுதிய அந்த நூல் கடல் கடந்து வந்து தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களின் தவக்கால இரவுகளை ஆண்டது. அச்சிட்ட பக்கத்தில் பார்த்தால் வெறும் உரைநடை. ஆனால் யாரும் அதை வெறுமனே வாசித்ததில்லை. ஒருவர் இழுத்துத் தொடங்குவார், இருவர் சேர்ந்து இறக்குவார்கள். எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவை. அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்திருப்பார்கள். அழுகை அடக்கிய மூக்குறிஞ்சல் தவிர வேறு ஓசை இராது. எங்கள் சிறுவயதில் உபதேசியார் ஒருவர், எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் அவருக்கு வரும், பிரசங்கம் சொல்ல உட்கார்ந்தால் மட்டும் ஓர் எழுத்தும் பிசகாது.

இன்று அதையும் பதிவு செய்து குழாயில் ஓட விட்டுவிட்டோம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும், இளைஞர்கள் கோயில் முற்றத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருப்பார்கள், முதியவர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பார்கள். கூட்டம் சேரவில்லை என்ற கவலை அங்கே மட்டும் எவருக்கும் எழுவதில்லை.

'கூட்டம் சேராது' என்பதற்கு அடுத்தபடியாக நாம் கேட்கும் மறுப்பு, 'நம் சனங்களுக்குப் புரியாது' என்பது. நாற்று நடுவோரும் செங்கல் சூளையில் வேகுவோரும் நுண்ணிசையை எப்படி அறிவார்கள் என்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பவர்கள், நாற்று நடுவோரின் படித்த பிள்ளைகள்.

1941 சனவரி 15. செருமானியரின் போர்க் கைதி முகாம் ஒன்று, கோர்லிட்சு நகருக்கு அருகில். பிரெஞ்சுப் படையிலிருந்து சிறைப்பட்டவர்களில் ஒருவர் ஒலிவியே மெசியான். பாரிசின் மூவொரு கடவுள் கோயிலில் ஆர்கன் வாசித்த ஆழ்ந்த கத்தோலிக்கர். முகாமில் அவருக்குக் கிடைத்தவர்கள் ஒரு வயலின்காரர், ஒரு கிளாரினெட்காரர், ஒரு செல்லோக்காரர். அவர்களோடு தாம் பியானோ வாசிப்பதாகக் கொண்டு, திருவெளிப்பாட்டு நூலின் வானதூதரை நினைத்து, காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை என்ற படைப்பை எழுதினார். கடுங்குளிரில், ஒரு மரக்கொட்டகையில், அது முதன்முறையாக வாசிக்கப்பட்டது. முன்னே இருந்தவர்கள் கைதிகள். உழவர், தொழிலாளர், குருக்கள், மருத்துவர் என எல்லா வகையினரும். கேட்டவர் தொகையை மெசியான் பின்னாளில் ஆயிரக்கணக்கில் சொல்லிவந்தார். ஆராய்ந்தோர் சில நூறு பேர் என்கின்றனர். கூட்டத்தைக் கூட்டிச் சொல்லும் ஆசை மகான்களையும் விடுவதில்லை போலும்! ஆனால் அன்று போல் அத்துணை ஆழ்ந்த கவனத்தோடு தம் இசையை ஒருபோதும் எவரும் கேட்டதில்லை என்று அவர் சொன்னதை நாம் நம்பலாம். பசித்தவர்கள் அவர்கள், நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் அல்லர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படைப்பின் முதற்பகுதியில் மெசியான் கையாண்ட தாளங்களில் சில, 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் பட்டியலிட்டவை. நம் நாட்டுத் தாளம் செருமானியச் சிறைக் கொட்டகை வரை சென்று கைதிகளுக்கு ஆறுதல் தந்தது. அது பாகூர் மறைக்கல்விக் கூடத்துக்கு வர வழி தெரியாமல் நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு சற்றுக் கடினமானது. அதை இகழ்ந்து ஒதுக்க நாம் துணியோம். 'வீணையும் கீர்த்தனையும் யாருடையவை? நம் பாட்டன்மாரைத் தெருவுக்குள் விடாதவர்களின் அலங்காரம் அல்லவா? அதை நம் கோயில் வளாகத்துக்குள் கொண்டுவந்து நம் பறையைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறீர்களா?' என்று ஓர் இளைஞர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். இசைக்கூடங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் கதவும் உண்டு, தெரியாத சுவரும் உண்டு. சுவர் என்றால் என்ன என்பது புதுவைக் கத்தோலிக்கருக்குத் தெரியும். 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்த செய்தி அது: புதுவைக் கோயிலுக்குள்ளேயே, ஒரே பீடத்தின் முன்னே, ஒடுக்கப்பட்ட கிறித்தவரைத் தனியே பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது, அவர்கள் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்துச் சாதிக் கிறித்தவர்கள் எழுப்பிய கூச்சலையும் பிள்ளை மறைக்கவில்லை.

ஆகவே அந்த இளைஞருக்கு நம் விடை இதுவே. பறைக்குத் தெரு வேண்டும், வெளி வேண்டும், ஊரே அதிர வேண்டும். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு அவர்கள், 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளையும் ஒடுக்கப்பட்டோரின் இசையையும் வழிபாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தார். அது வெகுகாலம் தாமதமாக வந்த நீதி. பறையை வீணைக்காக நிறுத்து என்று எவரேனும் சொன்னால் நாமே முதலில் எதிர்ப்போம். ஆனால் பறையை நிறுத்தியது வீணையா? நம் ஊர்த் திருவிழாக்களில் பறையும் நாதசுரமும் இருந்த இடத்தை இன்று பிடித்துக்கொண்டது எது என்று கண்ணைத் திறந்து பாருங்கள். பறைஞரையும் மேளக்காரரையும் மிருதங்கக்காரரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது அந்தப் பதிவுத் தாளம்.

வீணை எவருடையது என்ற கேள்விக்கும் நம் முன்னோர் விடை தந்திருக்கின்றனர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். பிற சமயப் பாடகரும் அவற்றை மேடையில் பாடிவந்துள்ளனர். தஞ்சையின் கிறித்தவர் ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை அமைத்து இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். நம் குரு ஒருவர், எஸ். எம். ஜார்ஜ் அடிகளார், 1977-இல் திருச்சியில் கலைக்காவிரியைத் தொடங்கினார். அது இன்று பல்கலைக்கழகப் பட்டம் தரும் நுண்கலைக் கல்லூரி. 2018 ஆகஸ்டில் கர்நாடக இசைப் பாடகர்கள் இயேசுவைப் பாடக் கூடாது என்று சிலர் மிரட்டி, ஒருவர் தம் நிகழ்ச்சியையே கைவிட நேர்ந்தபோது, டி. எம். கிருஷ்ணா மாதம் ஒரு பாடலை இயேசுவின் மீதோ அல்லாவின் மீதோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். வெளியே ஒருவர் சுவரை இடிக்கக் கடப்பாரை எடுக்கும்போது நாம் உள்ளிருந்து செங்கல் எடுத்துக் கொடுக்கலாமா?

இனி, பல்கலைக்கழகத்தார்க்கும் ஒரு சொல். நகர அரங்கில், அழைப்பிதழ் பெற்ற எழுபது பேர் முன், அவர்களில் பாதிப்பேர் சக ஆசிரியர்களாய் இருக்க, அருமையாக வாசித்துவிட்டுப் போகும் பேராசிரியப் பெருமக்களை நாம் குறை கூறவில்லை. அந்த அரங்கின் பின்வரிசையில் நாமும் அமர்ந்து மகிழ்ந்ததுண்டு. ஆனால் கற்றோரை யார் உணவிட்டு வளர்க்கிறார்கள் என்பதைப் பாகூர் மண் நன்கறியும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கல்விச்சாலைக்குள் உழவனின் பிள்ளை நுழைந்திருக்க மாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்வோம். மூன்று ஊர்களின் நெல் உள்ளே போயிற்று. அந்த ஊர்களுக்குத் திரும்பி என்ன வந்தது என்பதைச் செப்பேடு சொல்லவில்லை.

பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி ஊர் வழக்கில் ஒரு கதை உண்டு. அதை வெட்டக் காரணமானவர்கள் பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிச் சகோதரிகள் என்பார்கள். சரித்திரமோ கதையோ, ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்டவர்கள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நம்ப விரும்பிய ஊர் அது. பல்கலைக்கூடங்களின் வாய்க்காலும் ஏன் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது?

தொலைவைக் காரணம் காட்ட எவருக்கும் வழியில்லை. புதுவை அரசின் பாரதியார் பல்கலைக்கூடம், இசையும் நடனமும் ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் கல்லூரி, நகரின் நடுவில் இல்லை. பாகூருக்குப் போகும் வழியில் அரியாங்குப்பத்தில் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தெற்கே சற்றுச் சென்றால் சிதம்பரம். அங்கே 1929-இல் தொடங்கிய இசைக் கல்லூரியில்தான் டைகர் வரதாச்சாரியாரும் எம். எம். தண்டபாணி தேசிகரும் ஆசிரியராய் இருந்தனர். அங்கே 1941-இல் கூடிய மாநாடுதான் தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று முழங்கியது. இத்தனை அருகே இத்தனை பேர் இருக்க, அவர்களில் ஒருவரையேனும் நம் பங்குகள் இதுவரை அழைத்ததுண்டா? அழைக்காத வீட்டுக்கு வரவில்லை என்று விருந்தினர்மேல் குறை சொல்வது நம் மரபன்று. முதற்பிழை நம்முடையதே.

அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லையே என்று ஒரு கொள்கை உண்டு. பெல்ஜிய நாட்டுப் புரோ ஆர்ட்டே நால்வர் குழு 1940 மே மாதம் அங்கே வாசிக்க வந்திருந்தபோது அவர்களுடைய தாய்நாட்டைச் செருமானியப் படை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போக வீடில்லை. அவ்வாண்டே பல்கலைக்கழகம் அவர்களைத் தன்னிடமே தங்கி வாசிக்கும் குழுவாக ஏற்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படித் தங்கிய முதல் நால்வர் குழு அதுவே. உழவர் மாநிலம் ஒன்று அகதிகளான நான்கு இசைஞரை வைத்துக் காத்தது. நம் பங்கு நான்கு உள்ளூர் ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் தர மறுத்தது.

திருச்சபையின் மனம் இதில் என்ன என்று அறிய விரும்புவோர்க்கு ஆவணங்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 119-ஆம் எண், மக்களினங்களுக்கு அவரவர்க்குரிய இசை மரபு உண்டு, அது அவர்களுடைய சமய வாழ்விலும் சமூக வாழ்விலும் பெரும்பங்கு வகிக்கிறது, அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. கோயில்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றித் திருவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று ஒரு மடலே எழுதியது. கோயில் ஒரு பொது அரங்கம் அன்று. எத்துணை அழகான இசையாயினும் சமயத் தன்மை இல்லாதது அங்கே பொருந்தாது. நற்கருணையைச் சிற்றாலயத்திலோ வேறு தகுந்த இடத்திலோ வைக்க வேண்டும். இசைஞர் பீடப்பகுதியில் அமரக் கூடாது. கேட்போர் உணர்ந்து பங்கேற்க விளக்கம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. இவற்றோடு ஒரு விதி, நமக்கு மிகவும் பிடித்த விதி: நுழைவு இலவசமாகவும் எல்லோருக்கும் திறந்ததாகவும் இருக்க வேண்டும். நகர அரங்கு வைத்த சுவரை உரோமையே ஒரு வரியில் எடுத்துவிட்டது. ஏழு வசன இசையைக் கோயிலுக்குள் வைக்கலாம். ராக ஆலாபனையை மறைக்கல்விக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த மடலின் அளவுகோலால் நம் மெல்லிசை இரவை அளந்தால் என்னாகும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

நாட்டுச் சட்டமும் பேசியிருக்கிறது. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி, முரசு ஓசைகளை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத்தான் செபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அது நம் சபையன்று, பிரிந்த சகோதரருடையது என்று நம்மில் சிலர் அன்று புன்னகைத்தனர். விடியற்காலை நாலரை மணிக்கு நம் கோபுரத்துக் குழாய் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவர்கள் காதில் விழவில்லை போலும்.

லூர்து நகரில் 1858-இல் அன்னை பெர்னதெத்துக்குக் காட்சி தந்தபோது குகையில் கூட்டம் இல்லை. விறகு பொறுக்க வந்த ஒரு சிறுமி. காற்றைப் போன்ற ஓர் ஓசை. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அன்னையின் பெயரால் வில்லியனூரில் கோயில் எழுந்தது. லூர்து நீர் கலந்த அதன் குளக்கரையில், விழா முடிந்த ஒரு வெறும் புதன்கிழமைப் பிற்பகலில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். படியில் நீர் தட்டும் ஓசை கேட்கும். திருவிழா நாளில் அது கேட்பதில்லை.

பங்குப் பேரவை மறுத்த மாலையை அன்பியம் தந்திருக்கிறது. வரும் தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்தபின், ஓர் ஓட்டு வீட்டின் முற்றத்தில் அந்த நால்வரும் வாசிக்கிறார்கள். முதலில் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனை ஒன்று. பின் ஒரு ராகம், விரிவாக. இடையில் ஊர்ப் பெரியவர் இருவர் வியாகுலப் பிரசங்கத்திலிருந்து ஒரு பகுதி சொல்வார்கள், குழல் மட்டும் உடன்வரும். பறை வாசிக்கும் நம் இளைஞர்கள் நால்வரும் கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழா அன்று தெருவில் அவர்கள் வாசிக்க, அந்த ஆசிரியர்கள் கேட்க வருவதாகப் பேச்சு. முற்றத்திலும் தாழ்வாரத்திலுமாக அறுபது பேர் அமரலாம். மின்விசிறி கிறீச்சிடும், ஆகவே நிறுத்திவிடுவோம். வருவோர் பனையோலை விசிறி கொண்டுவருவது நல்லது. கூட்டம் சேராது என்ற நண்பருக்கு வீணைக்கு எதிரே முதல் பாயில் இடம் வைத்திருக்கிறோம்.